சூட்கேஸுக்குள் அடங்கும் தூண்டில் தடி

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. ஒன்றுக்குள் ஒன்று மூடும் டெலஸ்கோப்பிக் தூண்டில் தடி மூன்றின் விபரம் எழுதி, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். ஜூலையில் மகனோடு வருகிறாய் என்றதும் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். கொழும்பில் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டது. ரயில் பாதைக்கு அப்பால் கடல் மண்ணிறமாகக் கொந்தளிக்கிறது. நீ வரும்போதும் இப்படித்தான் இருக்கும். ஆகையால் தடி வாங்க முதலே ஒன்றை முடிவு செய்: ஜூலையில் கொழும்புக் கற்கரையில் நின்று கடலுக்கு எறியும் எண்ணத்தை விட்டுவிடு. அந்த மாதங்களில் கிழக்குக் கடல்தான் அமைதி. திருகோணமலைக் கரையும் மட்டக்களப்பு வாவியும் உனக்குச் சரி. கொழும்பில் நிற்கும் நாட்களுக்குப் பொல்கொட ஏரியும் நீர்கொழும்புக் களப்பும் இருக்கின்றன. இந்த நாலு இடத்துக்கும் ஒரே தடி வேணும், அது உன் பெட்டிக்குள் அடங்கவும் வேணும்.

நீ எழுதிய மூன்று தடியில் முதலாவது 2.1 மீற்றர், 9 துண்டு, மூடினால் 40 சென்ரிமீற்றர். தோள்பையிலேயே போகும் என்று நீ ஆசைப்பட்டது விளங்குகிறது. ஆனால் அதை எடுக்காதே. டெலஸ்கோப்பிக் தடியில் ஒரு துண்டின் அடி அடுத்த துண்டின் வாய்க்குள் நாலைந்து சென்ரிமீற்றர் இறுகி நிற்கிறது. அந்த இடத்தில் சுவர் இரட்டையாகிவிடுவதால் அது வளையாது. 9 துண்டு என்றால் 8 மூட்டு, எட்டு இடத்தில் விறைப்பு. மீன் இழுக்கும்போது தடி ஒரே வில்லாக வளையாமல், மூட்டுக்கு மூட்டு இடையில் மட்டும் முறுகி வளையும். முறிவதும் பெரும்பாலும் மூட்டு முடிந்த இடத்துக்குச் சற்று மேலேதான். பாரமும் கூடும், மணல் புகுந்து சிக்குகிற இடங்களும் கூடும். மூடிய நீளம் ஒன்றையே பார்த்துத் தடி வாங்குகிறவர்கள் எல்லாரும் வழுக்குகிற இடம் இது.

மூன்றாவது 3.6 மீற்றர். அலைக்கு மேலால் தூர எறிய நல்லது. ஆனால் மூடினாலும் 75 சென்ரிமீற்றர் வருகிறது, பொல்கொடவில் கண்டல் மரங்களுக்குக் கீழே அதைச் சுழற்றவே இடம் இராது. இந்தப் பயணத்துக்கு வேண்டாம்.

நடுவில் உள்ளதுதான் என் தெரிவு: 2.4 மீற்றர், 6 துண்டு, எறியும் பாரம் 15 முதல் 40 கிறாம். விளம்பரத்தில் போட்ட 55 சென்ரிமீற்றர் உண்மையா என்று நீயே கணக்குப் பார்க்கலாம். ஐந்து மூட்டுக்கும் ஐந்தைந்து சென்ரிமீற்றர் கூட்டினால் 265. அதை ஆறால் வகுத்தால் துண்டு ஒன்று ஏறக்குறைய 44. மூடும்போது நூல் ஓடும் வளையங்கள் உள்ளே போகாமல் ஒன்றன் மேல் ஒன்றாக வெளியே நிற்கும், அதற்கு ஒரு 10. ஆக 54. சரியாக வருகிறது. இதே நீளத்தை 42 சென்ரிமீற்றருக்குள் ஆறே துண்டில் அடக்குகிறோம் என்று எவனும் சொன்னால் ஒன்றில் துண்டு கூட, இல்லை மூட்டுக் குட்டை. குட்டை மூட்டு கெதியில் தளர்ந்துவிடும்.

உன் கைப்பெட்டியின் வெளியளவைப் பார்க்காதே, உள்ளளவை எடு. உள்ளே 50 க்கு 33 என்றால் மூலைக்கு மூலை 60 சென்ரிமீற்றர்தான். 55 சென்ரிமீற்றர்த் தடி சாய்வாக மட்டுமட்டாகப் போகும், உறையின் தடிப்பையும் சேர்த்துப் பார். ஆனாலும் தடியைக் கீழே போகும் பெரிய பெட்டிக்குள் வைப்பதே நிம்மதி. கைப்பைக்குப் பல விமானங்கள் 7 கிலோதான் விடுகின்றன, தடியை உள்ளே எடுக்க விடுவதும் பாதுகாப்பில் நிற்பவரின் முடிவு. தூண்டில் ஊசி, கத்தி, குறடு எல்லாம் கட்டாயம் கீழ்ப் பெட்டிக்குள்.

‘99% காபன்’ என்று தடியில் அச்சடித்திருப்பதை நம்பி விலை கொடுக்காதே. காபன் இலேசு, விறைப்பு, சின்னக் கொத்தலும் கைக்குத் தெரியும். ஆனால் கல்லில் ஒரு தட்டுப் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், பிறகு ஒரு நாள் பாரமே இல்லாத நேரத்தில் முறியும். பைபர்கிளாஸ் பாரம், மெத்தென்று வளையும், அடி தாங்கும். பெட்டிக்குள் அடிபட்டுத் திரியப்போகும் தடிக்கு இரண்டும் கலந்தது நல்லது. காபன் மின்சாரம் கடத்தும் என்பதையும் மறக்காதே. இடி முழக்கம் கேட்டால் தடியை மடக்கிவிட்டு ஒதுங்கு. மின்கம்பிக்குக் கீழே தடியை நீட்டவே கூடாது.

வளையங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேணும், ஏனென்றால் அங்கே கனடாவில், ஸ்காபரோவில் விற்கும் மலிவுத் தடிகள் பெரும்பாலும் நன்னீருக்குச் செய்தவை. ஏரி மீனுக்கு அது போதும். இங்கே உப்புக் காற்றில் வளையத்தின் கால்கள் சில நாளிலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். துரு நூல் கட்டுக்குள் இறங்கினால் வளையம் ஆடும். உப்புத் தண்ணீருக்கு என்று சொல்லப்பட்ட, துருப்பிடிக்காத உருக்குச் சட்டமும் உள்ளே பீங்கான் வளையமும் உள்ள தடியைக் கேள். கடையிலேயே ஒரு துண்டுப் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றி இழு. நார் எங்கேயாவது பிடித்தால் அங்கே வெடிப்பு இருக்கிறது, அது உன் தங்கூசியை, அதுதான் நைலோன் தூண்டில் நூலை, அறுக்கும். இந்த வகைத் தடியில் துண்டுக்கு ஒரு வளையம்தான். நடுவில் சறுக்கும் வளையம் ஒன்றும் சில தடிகளில் இருக்கும். விரித்த பிறகு அதைத் துண்டின் நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்து.

பிறகு தடியை முழுக்க விரித்து, அடியில் இருந்து துப்பாக்கி பார்ப்பது போல ஒரு கண்ணால் பார். வளையங்கள் ஒரே கோட்டில் வரவேணும். மெதுவாகக் குலுக்கு. ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் ஏதோ ஒரு மூட்டு இறுகவில்லை. ஒவ்வொரு துண்டின் வாயிலும் நூல் சுற்றியோ உலோகப் பூண் போட்டோ இருக்க வேணும், வெறும் வாய் நீளவாக்கில் பிளக்கும். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தங்கூசியில் கட்டித் தடியைச் சாய்வாகப் பிடித்து மெதுவாகத் தூக்கு. வளைவு எங்காவது மொட்டையாக மடிந்தால் அந்தத் தடியைத் திருப்பிக் கொடு. தடியில் றீல் (நூல் சுற்றும் உருளை) பூட்டும் இருக்கையில் உன் றீலைப் பூட்டி இறுக்கிக் கையால் முறுக்கிப் பார். அசையக் கூடாது. கடைசியாக, அடி மூடி திருகிக் கழற்றக்கூடியதா என்று பார். ஒட்டிய மூடி என்றால் வாங்காதே, உப்பைக் கழுவி வெளியேற்ற வேறு வழி இல்லை.

விரிக்கும் முறையை மகனுக்கு நீ முதலில் சொல்லிக் கொடு. விசிறி எறிந்து விரிக்கவே கூடாது. அப்படி விரிந்த மூட்டு மணிக்கணக்கில் சிக்கும், அல்லது வாய் வெடிக்கும். நுனித் துண்டில் தொடங்கு. மூட்டுக்குக் கிட்ட இரு பக்கமும் பிடித்து, வளையங்களை நேராக்கி, சின்னத் திருகலோடு இழுத்து இறுக்கு. பிறகு அடுத்த துண்டு. இறுகிய பின் வளையம் கோணலாகத் தெரிந்தால் வளையத்தைப் பிடித்துத் திருப்பாதே, மூட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கு. மூடும்போது தலைகீழ்: தடித்த அடித் துண்டு முதலில், நுனி கடைசியில். ஒவ்வொரு துண்டும் உள்ளே போகுமுன் ஈரத் துணியால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை துடை. மூட்டுச் சிக்குவதில் பெரும்பகுதி இந்த இரண்டு துடைப்பைச் சோம்பலில் விடுவதால் வருகிறது.

சிக்கிவிட்டால் குறடு எடுக்காதே, நசுங்கிவிடும். உப்பாக இருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரை மூட்டில் சில நிமிடம் ஊற்று, உப்புக் கரையும். பிறகு இரண்டு கையிலும் றப்பர் கையுறை போட்டு, மூட்டுக்கு இரண்டு பக்கமும் கிட்டப் பிடித்து எதிரெதிராகத் திருகித் தள்ளு. அதற்கும் அசையாவிட்டால், சிக்கிய துண்டின் மேல் பக்கத்தைக் கையில் நிறுத்திப் பிடித்து, அடியை மரப் பலகையில் இலேசாகத் தட்டு. மூட்டுக்கு எண்ணெய், கிறீஸ் பூசாதே, மணலை இழுத்து வைத்துக்கொள்ளும். தளர்ந்த மூட்டுக்கு மட்டும் மெழுகுதிரியை ஒரு தடவை தேய்க்கலாம்.

கடலில் பாவித்த இரவே கழுவு. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் உப்பு இன்னும் உள்ளே போகும், மெல்லிய நீரோட்டமே போதும். அடி மூடியைத் திறந்து உள்ளே ஊற்றிய தண்ணீரை வடியவிட்டு, நிழலில் மூடியைப் பூட்டாமல் விடியும் வரை வை. ஈரத்தோடு உறைக்குள் போனால் அடுத்த ஊரில் திறக்க வராது.

றீல் 3000 அளவு போதும். நூலுக்குப் பின்னல் நூலை விட 0.30 மில்லிமீற்றர் தங்கூசியே இந்தத் தடிக்குப் பொருத்தம். தங்கூசி கொஞ்சம் இழுபடும், மீனின் வெட்டு இழுப்பு நேரே மூட்டில் விழாது. நூல் கட்டையில் 6 கிலோ என்று போட்டிருந்தால் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது றீல் நூலை விடும் இறுக்கத்தை, ஒன்றரைக் கிலோவில் வை, மீன்தராசில் கொளுவி இழுத்தே அளந்துவிடலாம். 40 கிறாம் என்பது இரையும் ஈயமும் சேர்ந்த கணக்கு. 30 கிறாம் ஈயத்தோடு ஒரு பெரிய இறால் என்றால் எல்லைக்கே போய்விட்டாய். 20 கிறாம் ஈயத்தோடு நில். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி, அதனால் முன்னால் 0.60 தங்கூசி 60 சென்ரிமீற்றர், இடையில் நூல் முறுகாமல் சுழலும் சின்னச் சுழலி ஒன்று. சுழலியை நுனி வளையத்தில் முட்டும் வரை சுற்றாதே, பீங்கான் உடையும்.

பாரை மீன் பிடித்தால் தடியை நிமிர்த்தித் தலைக்குப் பின்னால் கொண்டுபோகாதே. வளைவு முழுவதும் நுனித் துண்டில் விழுந்து முறியும் இடம் அதுதான். மட்டக்களப்புக் கல்லடிப் பாலம் மாதிரி உயரமான இடத்தில் மீனைத் தடியால் தூக்கவும் கூடாது. தடியைச் சாய்த்துவிட்டுத் துணி சுற்றிய கையால் தங்கூசியைப் பிடித்து இழு, அல்லது கயிற்றில் கட்டிய வலையை இறக்கு.

மகனுக்கு றீல் தடி வேண்டாம் மச்சான். றீல் இல்லாத, வளையம் இல்லாத 3.6 மீற்றர் நீட்டுத் தடி ஒன்று வாங்கிக் கொடு. நுனியில் ஒட்டிய சின்னப் பின்னல் நாடாவில் தங்கூசியைக் கட்டு, நீளம் தடியை விட ஒரு சாண் குறைய. மிதப்பு, 10 ஆம் இலக்க ஊசி, பாண் பிசைந்த உருண்டை. குளத்துத் திலாப்பியாவுக்கு இதுக்கு மேல் ஒன்றும் வேண்டாம், கொத்தும்போது பிள்ளைக்கு நேரே கையில் தெரியும். வளையம் இல்லாதபடியால் அடி மூடியைத் திறந்தால் துண்டுகள் எல்லாம் பின்னால் வெளியே வரும். நுனி முறிந்தால் அந்த ஒரு துண்டை மாற்றிவிடலாம். உன் தடியில் அது முடியாது, வளையங்கள் தடுக்கும். பொல்கொடவில் முதலை உண்டு, பிள்ளையைத் தண்ணீர் விளிம்பில் நிற்க விடாதே.

பெட்டிக்குள் வைக்க உறை தேடிக் காசு செலவழிக்காதே. 3 அங்குலப் பிளாஸ்ரிக் குழாயில் தடியின் நீளத்துக்கு இரண்டு அங்குலம் கூட வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, உள்ளே ஒரு துவாயை அடைத்தால் போதும். இங்கே எஸ்லோன் குழாய் என்று கேட்டால் எந்த ஹாட்வெயாரிலும் வெட்டித் தருவார்கள், திரும்பிப் போக நானே ஒன்று ஆயத்தம் செய்து வைக்கிறேன். தடியோடு வந்த பிளாஸ்ரிக் நுனி மூடியை மட்டும் எறிந்துவிடாதே. மூடிய தடியில் முதலில் அடிபடுவது வெளியே நிற்கும் அந்த நுனி வளையம்தான். ஈயம் அங்கிருந்து சுமக்காதே, இங்கே கொழும்புப் புறக்கோட்டையில் எடுக்கலாம்.

திருகோணமலையில் ஒன்று கவனம்: நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003 இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே படகில் போய்ப் பார்க்கலாம், தூண்டில் போடக் கூடாது. நிலாவெளிக் கரையும் உப்புவெளிப் பக்கமும் நமக்குப் போதும். விடியலில் நிற்போம்.

கிழக்குக்குப் போகும் இரவு ரயிலுக்கு இருக்கை முன்கூட்டியே பதிய வேணும். நீ வரும் திகதியையும் உன் பெட்டியின் உள்ளளவையும் எழுது. நீளத்தை மூலைக்கு மூலை அளந்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி