கணினி எஸ்.எம்.பி.எஸ். தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். மூன்று கணினிகளை வைத்துத் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து பிழைக்கும் சிறு கடைக்காரன் நான். அவற்றுள் ஒன்று சில மாதங்களுக்கு முன், காலையில் போட்டவுடன் மசகு இல்லாத வண்டி அச்சைப் போலக் கிறீச்சிடத் தொடங்கியது. பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் ஓசை தணிந்துவிடும். மறுநாள் காலை மீண்டும் அதே கதை. கேபினட்டைத் திறந்து, காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்து ஒவ்வொரு விசிறியாகக் கேட்டுப் பார்த்ததில், குற்றவாளி, வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் விசிறிதான் என்பது தெரிந்தது.

பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். "எஸ்.எம்.பி.எஸ். போயிடுச்சு சார், புதுசு மாத்திடுங்க" என்றார். மீட்டரை வைத்து அளந்தபோது 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் சரியாகவே வந்துகொண்டிருந்தன. இருநூறு ரூபாய்கூடப் பெறாத விசிறி ஒன்று கிறீச்சிட்டதற்காக, வேலை செய்யும் முழுப் பெட்டியையும் குப்பையில் போடச் சொன்னார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விசிறியை மட்டும் மாற்ற முடியாதபடி பெட்டியைச் செய்து விற்பவர்கள் நீங்கள் என்பதால்தான் இந்த மடல்.

விலை குறைந்த பெட்டிகளில் நீங்கள் பொருத்துவது பெரும்பாலும் சிலீவ் பேரிங் விசிறி. நுண்துளைகள் நிறைந்த வெண்கலக் குழலில் எண்ணெயை ஊறவைத்து, அதற்குள் தண்டைச் சுழலவிடும் ஏற்பாடு அது. புதிதில் ஓசையே இராது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி கணினியிலேயே வெப்பம் மிகுந்த இடங்களுள் ஒன்று. நம் ஊர்ச் சித்திரை வெயிலும் சேர்ந்துகொண்டால் எண்ணெய் விரைவில் வற்றிவிடுகிறது. முன்பு பின்பக்கத்தில் 80 மி.மீ. விசிறி நின்றவாக்கில் இருந்தது. இப்போது வரும் 120 மி.மீ. விசிறி மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தருகிறது என்றாலும், அது படுக்கைவாட்டில் கிடப்பது சிலீவ் பேரிங்குக்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை.

ஓசையை நான் தொந்தரவாக மட்டும் பார்க்கவில்லை. கிறீச்சிடும் விசிறி ஒருநாள் நின்றுவிடும். நின்றபின் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் வெந்து சாகும். பத்து டிகிரி வெப்பம் கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது உங்கள் பொறியாளர்கள் அறிந்த கணக்குத்தான்.

முதலில் விசிறியின் நடுவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்துத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். (தேங்காய் எண்ணெய் விடுவோரும் உண்டு, அது குளிரில் உறைந்து, தூசியைப் பிடித்துக்கொண்டு, நோயை முற்ற வைக்கும்.) நான்கு மாதம் தாங்கியது. பிறகு புது விசிறி வாங்கிவந்து பார்த்தால், பழையதன் கம்பிகள் மின்சுற்றுப் பலகையோடு நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருந்தன. 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றினால் மின்தேக்கியில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும் என்பதால் பெட்டியை ஓர் இரவு முழுதும் சும்மா வைத்து, அளந்து பார்த்த பிறகே தொட்டேன். பற்றவைத்து முடித்தால் விசிறி சுழலவில்லை. சூடு குறைவாக இருக்கும்போது உங்கள் கட்டுப்பாட்டுச் சுற்று விசிறிக்கு 12 வோல்ட்டுக்கு மிகக் குறைவாகவே தருகிறது; நான் வாங்கிய விசிறிக்குத் தொடங்க அது போதவில்லை. குறைந்த வோல்ட்டில் தொடங்கும் இன்னொன்றைத் தேடி, மின்னணுப் பொருள்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்கு மறுபடியும் அலைந்தேன்.

பெட்டியைப் பொதுமக்கள் திறக்கக் கூடாது என்று நீங்கள் எச்சரிப்பது நியாயமே. அப்படியானால், திறக்காமலேயே விசிறியைக் கழற்ற வழி செய்யுங்கள். வெளியே தெரியும் நான்கு திருகுகளைக் கழற்றினால், கம்பிவலையோடு விசிறி வெளியே வந்துவிட வேண்டும். அதன் வயர் இரண்டு முனை இணைப்பான் ஒன்றில் முடிய வேண்டும். பலகையின் மின்பகுதியைக் கை எட்டாதபடி இடையே ஒரு தடுப்பு இருக்க வேண்டும். தவறான விசிறியைப் போட்டுவிடுவார்கள் என்று அஞ்சுவீர்களானால், எது சரியான விசிறி என்பதை அச்சிட்டுவிடுவதுதான் அதற்கு மருந்து. உள்ளீடு, வெளியீட்டு அட்டவணை, பதிவு எண் எல்லாவற்றையும் தாங்கும் ஸ்டிக்கரில் விசிறிக்கு ஒரு வரி இடமில்லாமல் போகாது. சிறு உருண்டைகளின் மேல் தண்டு சுழலும் பால் பேரிங்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. எதைப் போட்டிருக்கிறீர்கள் என்று சொன்னால் போதும், விலையைப் பார்த்து வாங்குபவர் முடிவு செய்துகொள்வார்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர் மீதே வைத்திருக்கின்றன. விசிறிக்காகத் தூக்கி எறியப்படும் பெட்டிகளின் சுமை சுற்றிச் சுற்றி உங்கள் வாசலுக்கே வரும்.

நான் இரண்டாம் முறை வாங்கிய விசிறியின் அட்டைப்பெட்டியில் அளவு, மின்னோட்டம், பேரிங் வகை, தொடங்கும் வோல்ட் நான்கும் ஒரே வரியில் அச்சிடப்பட்டிருந்தன. அந்த வரியை உங்கள் அடுத்த ஸ்டிக்கரில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பெட்டிகள் மூன்றைப் பயன்படுத்தும் வாடிக்கையாளன்