ஆண்டறிக்கை 2010–11: லெப்ரான் ஊரை விட்டுப் போன வருடம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், அவர்கள் வீட்டாருக்கும் வணக்கம். கிளீவ்லேண்ட் வட்டாரத்துத் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் நமது விளையாட்டு மன்றத்தின் 2010 ஜூலை முதல் 2011 ஜூன் வரையிலான அறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் 46 குடும்பங்கள் இருந்தோம். மூன்று குடும்பங்கள் வேலை மாறி வெளியூர் போயின, ஐந்து புதிதாகச் சேர்ந்தன. ஆக 48. செயற்குழு ஏழு முறை கூடியது. அதில் ஒரு முறை கோரம் சேராததால் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம். வெள்ளி இரவு இறகுப்பந்து ஒழுங்காக நடந்தது. நாம் வாடகைக்கு எடுக்கும் கூடத்தை இரண்டு முறை வேறு ஒருவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு வாரமும் வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்பினோம். ஏப்ரல் போட்டியை மே மாதத்துக்குத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. நம் ஆட்களில் பாதிப் பேர் தியாகராஜ ஆராதனைக்குத் தொண்டு செய்யப் போய்விட்டால் மிச்சமிருப்பவர்களை வைத்து இரட்டையர் ஆட்டம்கூட நடத்த முடியாது.

ஏப்ரல் 2 அன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஓர் உறுப்பினர் வீட்டு அடித்தளத்தில் சேர்ந்து பார்த்தோம். நமக்கு விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கிய ஆட்டம். சேவாக் இரண்டாவது பந்திலேயே அவுட்டானதும் உப்புமா யாருக்கும் இறங்கவில்லை. தோனி கடைசி சிக்ஸர் அடித்தபோது உடைந்த விளக்குக்கான செலவு கணக்கில் இருக்கிறது, பொருளாளர் சொல்வார்.

சரி, இனி நீங்கள் எல்லாரும் காத்திருக்கும் விஷயம். இதை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று தலைவர் சொன்னார். ஆனால் ஆண்டு முழுவதும் நம் கூட்டங்களில் வேறு எதைப் பேசினோம்?

முதலில் என் தவறு. 2010 ஜூலை 8, வியாழன் இரவு ஒன்பது மணி. கனெக்டிகட் மாநிலம் கிரீனிச்சில் ஒரு சிறுவர் மன்றக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொலைக்காட்சிக்காக ஜிம் கிரே கேள்வி கேட்க, கிட்டத்தட்ட அரை மணி நேரம் இழுத்தடித்து, தான் மயாமி அணிக்குப் போவதாக நமது கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ் கூடைப்பந்து அணியின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் சொன்னார். நாடு முழுவதும் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் அதைப் பார்த்தார்கள். நகரத் தெருக்களில் அவருடைய 23ஆம் எண் ஜெர்சிகள் எரிந்தன. நான் எதையும் எரிக்கவில்லை. அதைவிட மோசமாக, இரவு பதினொரு மணிக்கு மன்றத்தின் பெயரில் எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். தலைப்பு, ‘வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது’. ‘துரோகம்’ என்ற சொல் அதில் நான்கு முறை வந்ததாகப் பிறகு எண்ணிச் சொன்னார்கள்.

அதே இரவு கேவலியர்ஸ் உரிமையாளர் டான் கில்பர்ட்டும் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதி அணியின் இணையதளத்தில் போட்டார். கோழைத்தனமான துரோகம் என்றார். அந்த ‘ராஜா’வுக்கு முன்னால் நாம் கோப்பை வெல்வோம், இது என் சொந்த உத்தரவாதம் என்றார். குழந்தைகள் பிறந்தநாள் அழைப்பிதழுக்குப் போடும் காமிக் சான்ஸ் எழுத்தில் அது இருந்தது. அவருடைய இன்னொரு நிறுவனம் லெப்ரான் சுவர்ப்படத்தின் விலையை 17 டாலர் 41 சென்ட் ஆக்கியது. அமெரிக்கப் புரட்சிக் காலத்துத் துரோகி பெனடிக்ட் ஆர்னால்ட் பிறந்த ஆண்டு 1741. ஓடிப்போன அடிமையைப் பார்ப்பது போலப் பார்க்கிறார் என்று கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் கில்பர்ட்டைக் கண்டித்தார். அந்தச் சொல் கடுமைதான். ஆனால் ‘வளர்த்தோம்’ என்று எழுதிய எனக்கு அன்று கொஞ்சம் சுருக்கென்றது. ஒப்பந்தம் முடிந்த ஒருவரை யார் வளர்த்தது?

கூடைப்பந்து லீக்கை நடத்தும் என்பிஏ கில்பர்ட்டுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. எனக்கு நமது செயற்குழு போட்ட அபராதம், அடுத்த மூன்று கூட்டங்களுக்கும் காபி, வடைச் செலவு. இரண்டையும் கட்டியாகிவிட்டது என்று நம்புகிறேன்.

என் மின்னஞ்சலுக்குப் பதினேழு பதில்கள் வந்தன. பெரும்பாலும் ஆச்சரியக்குறிகள். ஒன்று மட்டும் டல்லாஸிலிருந்து. 2009 வரை நம்மோடு இருந்து, நமது கிரிக்கெட் அணிக்குத் தொடக்கப் பந்து வீசியவர். பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்க மறந்திருந்தேன். அவர் எழுதியதை அனுமதி வாங்கி அப்படியே தருகிறேன்: “சார், போன வருஷம் நானும் கான்ட்ராக்ட் முடிந்ததும் நல்ல வேலை என்று இங்கே வந்துவிட்டேன். நீங்கள் கேக் வெட்டி, சால்வை போட்டு அனுப்பினீர்கள். அதற்கு முன்னால் திருச்சியையும் விட்டு வந்தேன். இந்தக் கடிதம் எனக்கும் சேர்த்தா?”

ஜூலை செயற்குழுக் கூட்டம் மூன்று மணி நேரம் ஓடியதற்கு இந்த நான்கு வரிதான் காரணம். கூடத்தில் இருந்த பதினொரு பேரில் பிறந்த ஊரில் இருப்பவர் ஒருவரும் இல்லை. பாதிப் பேர் கம்பெனி இரண்டு முறை மாறியவர்கள். லெப்ரானாவது குறைந்த சம்பளத்துக்குத்தான் போனார். கேவலியர்ஸ் அதைவிட அதிகம் தந்திருக்க முடியும். நம்மில் எத்தனை பேர் குறைந்த சம்பளத்துக்கு விமானம் ஏறினோம் என்று ஒருவர் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை.

எதிர்த் தரப்பும் சும்மா இல்லை. போனது தப்பில்லை, சொன்ன விதம்தான் தப்பு என்றார்கள். நம் ஊரில் நிச்சயம் முறிந்தால்கூடப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்து சொல்லிவிட்டுப் போவார்கள். மைக் வைத்துச் சொல்வார்களா? இதற்கு அவர்கள் காட்டிய சாட்சி இல்கௌஸ்கஸ். லித்துவேனியாவிலிருந்து வந்து இந்த அணிக்காகப் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய ஏழடி மூன்றங்குல மனிதர். அதே கோடையில் அதே மயாமிக்குத்தான் அவரும் போனார். போகும்போது உள்ளூர்ச் செய்தித்தாளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து ரசிகர்களுக்கு நன்றி சொன்னார். டிசம்பரில் எதிரணிச் சட்டையோடு வந்தபோது அவருக்குக் கிடைத்தது கைதட்டல்.

இந்த வாதம் எனக்கு முக்கால்வாசி சரி என்று படுகிறது. மீதிக் கால்வாசியை ஆக்ரனில் குடியிருக்கும் நமது மூத்த உறுப்பினர் பறித்துக்கொண்டார். “முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. அவன் எங்க ஊர்ப் பையன். உங்க ஊர்ல வேலை பார்த்தான்.” நாற்பது மைல்தான் தூரம். ஆனால் கும்பகோணத்துக்காரரைத் தஞ்சாவூர்க்காரர் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். லெப்ரான் பிறந்தது, பள்ளியில் ஆடியது எல்லாம் ஆக்ரன். ஆகஸ்டில் அவரும் ஒரு முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார், ஆக்ரன் செய்தித்தாளில், ஆக்ரன் மக்களுக்கு நன்றி சொல்லி. அதில் கிளீவ்லேண்ட் என்ற சொல்லே கிடையாது. மூத்தவர் அந்தப் பக்கத்தை வெட்டி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினார். இவ்வளவு சந்தோஷம் வேண்டியதில்லை.

புதிதாகச் சேர்ந்த ஐந்து குடும்பங்களுக்காகச் சிறிது பழைய கதை. ஒரு விளையாட்டு வீரர் வேலை மாறினால் ஏன் இவ்வளவு அழுகை என்று நீங்கள் கேட்டீர்கள். இந்த நகரம் பெரிய கோப்பை ஒன்றைக் கடைசியாகத் தூக்கியது 1964இல், பிரௌன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி. அந்த பிரௌன்ஸையே அதன் உரிமையாளர் 1995இல் பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். அங்கே போன அணி ஐந்தே வருடத்தில் அந்த ஆட்டத்தின் பெரிய கோப்பையான சூப்பர் பௌலை வென்றது. அப்புறம் 2003இல், புது வீரர்களை எந்த அணி முதலில் எடுப்பது என்ற குலுக்கலில் முதல் இடம் விழுந்து, நாற்பது மைல் தள்ளிப் பிறந்த பையன், பதினெட்டு வயதில், இந்த அணிக்கே வருகிறான். அரங்குக்கு எதிரே பத்து மாடி உயரத்துக்கு அவன் படம். 2007இல் இறுதிச் சுற்று வரை போய் நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். அடுத்தடுத்து இரண்டு வருடம் சிறந்த வீரர் விருது அவனுக்கு. 2010 மே மாதம் பாஸ்டனிடம் சொந்த அரங்கில் 120–88 என்று தோற்ற இரவில் அவன் எங்கேயோ பார்த்தபடி ஆடியது போல இருந்தது. நானும் அரங்கில் இருந்தேன். அந்த இரவே தெரிந்துவிட்டது என்று இப்போது எல்லாரும் சொல்கிறோம். அன்று யாரும் சொல்லவில்லை. ஜூலையில் அந்தப் பத்து மாடிப் படத்தைக் கீழே இறக்கியபோது நம் உறுப்பினர்கள் இருவர் மதிய உணவு இடைவேளையில் போய் நின்று பார்த்தார்கள். கைதட்டத்தான் போனார்களாம். தட்டவில்லையாம்.

டிசம்பர் 2 அன்று அவர் எதிரணியோடு வந்தார். கூடுதல் காவல், பந்தைத் தொடும்போதெல்லாம் ஊளை. நமக்கு இரண்டு இருக்கைகள்தான் கிடைத்தன. சீட்டுக் குலுக்கிக் கொடுத்தோம். போனவர்கள் தொண்டை கட்டித் திரும்பினார்கள். அவர் மூன்று கால்பகுதி மட்டும் ஆடி 38 புள்ளி எடுத்தார், நாம் 118–90 என்று தோற்றோம். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. டிசம்பர் 20 தொடங்கித் தொடர்ந்து 26 தோல்வி. என்பிஏ வரலாற்றில் அதுவரை இல்லாத சாதனை. நடுவில் லேக்கர்ஸிடம் 112–57. அந்த இரவு லெப்ரான் கர்மா, கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்று ட்விட்டரில் எழுதினார். நம் ஊர் வாட்டம் போதாதென்று நம் ஊர்ச் சொல்லாலேயே அடி.

ஜனவரி ஆட்டம் ஒன்றுக்கு நாம் முன்கூட்டியே 30 இருக்கைகள் பிடித்திருந்தோம். லெப்ரான் இருப்பார் என்று ஜூனிலேயே கட்டிய பணம். வந்தவர்கள் பதினொரு பேர். வெளியே பனி. ஆட்டத்தில் தோல்வி. ஆனால் குழந்தைகள் நிறைய காலி நாற்காலிகளில் மாறி மாறி உட்கார்ந்து மிகவும் சந்தோஷமாக இருந்தார்கள் என்பதைப் பதிவு செய்கிறேன். பிப்ரவரி 11 அன்று கூடுதல் நேரத்தில் கிளிப்பர்ஸை வென்று அந்தச் சங்கிலி அறுந்தது.

அதே ஜனவரியில்தான் ஐபிஎல் ஏலத்தில் கங்குலியை யாரும் எடுக்கவில்லை. ‘தாதா இல்லையென்றால் கேகேஆர் இல்லை’ என்று கொல்கத்தாவில் ரசிகர்கள் கிளம்பினார்கள். இங்கே வீரர் ஊரை விட்டார், அங்கே அணி வீரரை விட்டது. தெருவில் இறங்குவது என்னவோ ரசிகன்தான் என்று நமது துணைத் தலைவர் சொன்னார். அவர் கொல்கத்தாவில் படித்தவர்.

மார்ச் 29 பற்றி ஒரு வரியாவது எழுதாவிட்டால் மன்றம் என்னை மன்னிக்காது. அன்று இதே நொண்டி அணி, இதே அரங்கில், மயாமியை 102–90 என்று வென்றது. அன்று இரவு எத்தனை மணிக்கு எந்தத் தெருவில் யார் ஹாரன் அடித்தார்கள் என்ற புகாருக்குள் நான் போக விரும்பவில்லை. பருவம் முடியும்போது 19 வெற்றி, 63 தோல்வி. முந்தைய வருடம் 61 வெற்றி.

ஜூன் 12 இரவு டல்லாஸ் அணி மயாமியை இறுதிச் சுற்றில் வீழ்த்தியது. நம் ஓஹாயோ மாநில ஆளுநர் டல்லாஸ் வீரர்களைக் கௌரவ ஓஹாயோக்காரர்கள் என்று அறிவித்தார். சம்பந்தமில்லாத ஊரின் வெற்றிக்கு இங்கே பட்டாசு. அன்று இரவு பன்னிரண்டு மணிக்கு என் தொலைபேசி அடித்தது. நமது பழைய பந்துவீச்சாளர். “சார், இப்போ நான் துரோகியா, கௌரவ ஓஹாயோக்காரனா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவருக்கு வாழ்நாள் உறுப்பினர் தகுதி தர வேண்டும் என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. முன்மொழிபவன் நான்.

குழந்தைகள் கூடைப்பந்துப் பயிற்சி பற்றியும் சொல்ல வேண்டும். இலையுதிர்காலத்தில் சட்டைக்கு எண் தேர்ந்தெடுக்கும்போது, முந்தைய வருடம் சண்டை போட்டு வாங்கிய 23ஐ யாரும் கேட்கவில்லை. அந்த எண்ணை நிறுத்திவிடலாம் என்று சில பெற்றோர்கள் சொன்னார்கள். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, அது தன் வீட்டுக் கதவு எண் என்று சொல்லி எடுத்துக்கொண்டாள். வருடம் முழுவதும் அதைப் போட்டுக்கொண்டு ஆடினாள். இரண்டு முறை எதிரணிப் பெற்றோர் ஊளையிட்டார்கள். வீட்டு எண் என்று இங்கிருந்து கத்த வேண்டியிருந்தது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரும் பருவத்துக்கு ஜூன் 23 அன்று முதல் தேர்வாகக் கைரி இர்விங் வந்திருக்கிறார். நல்ல பையன் என்கிறார்கள். ஆனால் ஜூலை 1 முதல் என்பிஏ உரிமையாளர்கள் கதவடைப்புச் செய்திருப்பதால், பருவம் எப்போது தொடங்கும் என்று தெரியாமல் இந்த முறை முன்பணம் எதுவும் கட்டவில்லை.

கடைசியாக ஓர் அறிவிப்பு. போன ஜூலையில் எரிக்க வேண்டாம், கொடுத்துவிடுங்கள், யாருக்காவது உதவும் என்று கேட்டு நான் வாங்கிய 23ஆம் எண் ஜெர்சிகள் ஓர் அட்டைப்பெட்டியில் என் வீட்டு கராஜில் இருக்கின்றன. மொத்தம் ஒன்பது சேர்ந்தன. இப்போது ஐந்துதான் இருக்கின்றன; நான்கு பேர் தனித்தனியாக, இருட்டிய பிறகு வந்து, தங்களுடையதை எடுத்துக்கொண்டு போனார்கள். மீதியை ஆகஸ்ட் முடிவில் நன்கொடைக் கடையில் கொடுத்துவிடப் போகிறேன். வேண்டியவர்கள் அதற்குள் வரவும். மணி அடிக்க வேண்டாம், பக்கவாட்டுக் கதவு திறந்தே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்