மூன்று மாநகராட்சிகள், ஒரு கடைப்படி

வணக்கத்துக்குரிய சென்னை, தாம்பரம், ஆவடி மேயர்களுக்கும், மதிப்புக்குரிய ஆணையர்களுக்கும் வணக்கம். வீடற்றவர்களை நீங்கள் மூவரும் சேர்ந்து எண்ண வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், பல மாதங்களாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு கடையின் படியில் தூங்கும் பெரியவர் ஒருவரை எனக்குப் பழக்கம். அவர் தூங்குவது பகல் பதினொரு மணிக்கு. இரவில் அந்தப் படி காலியாக இருக்கும். கோயம்பேடு சந்தையில் காய்கறி மூட்டை இறக்குகிறவர். லாரிகள் வந்து சேர்வது நள்ளிரவுக்குமேல். வேலை முடிந்ததும் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி நான்கு, பிறகு பஸ் ஏறித் தாம்பரம். சந்தையிலேயே ஓரமாகப் படுத்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். கூடைகளை அடுக்க வருகிறவன் முதலில் காலால்தான் எழுப்புவான், இங்கே அப்படி யாரும் இல்லை என்றார்.

தலைக்கு வைத்துப் படுக்கும் துணிப்பைக்குள் ரேஷன் அட்டை இருக்கிறது. நனையாமல் இருக்கப் பால் பாக்கெட் உறையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார். அட்டையில் இருப்பது பெரும்பாக்கம் முகவரி. கூவம் கரையில் இருந்த குடிசையை எடுத்துவிட்டு அரசு கொடுத்த வீடு அது. மகனும் மருமகளும் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். வேலை இருக்கும் இடத்துக்கும் வீடு இருக்கும் இடத்துக்கும் தினமும் போய்வரக் கட்டுப்படியாகாமல் இவர் மட்டும் வெளியே வந்துவிட்டார்.

இவர் யாருடைய கணக்கில் வருவார்? இரவில் தாம்பரம் மாநகராட்சி எண்ணப் போனால் படியில் ஆள் இல்லை. அதே இரவில் சென்னை மாநகராட்சி கோயம்பேட்டில் எண்ணினால், மூட்டையோடு நிற்கும் இவர் தொழிலாளி. வீடற்றவர் என்று யாருக்குத் தோன்றும்? பெரும்பாக்கமோ எந்த மாநகராட்சியிலும் சேராத ஊராட்சி. அங்கே இவர் பெயரில் வீடே இருக்கிறது. எல்லோரும் நேர்மையாகக் கணக்கெடுத்தாலும் இந்த மனிதர் எந்தத் தாளிலும் ஏற மாட்டார்.

இந்த ஒருவருக்காகவா மடல் என்று நீங்கள் கேட்கலாம். ஆவடி மார்க்கத்து மின்சார ரயிலில் கடலை மிட்டாய் விற்கும் ஒரு பெண்மணியும் இருக்கிறார். இரவில் அவர் தங்குவது சென்னையில், ஓர் அரசு மருத்துவமனை வளாகத்தில். கையில் ஒயர் கூடை, அதில் ஒரு பிளாஸ்க். பார்க்கிறவர்கள் நோயாளிக்குத் துணைக்கு வந்தவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பிளாஸ்க். தெருவில் படுக்கும் பெண்களுக்கு அடுத்தவர் கண்ணில் படாமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. நம் கணக்கெடுப்புகள் அந்தப் பாதுகாப்பிடமே தோற்றுப்போகின்றன.

அம்பத்தூர் ஸ்டேஷன் சென்னைக்குள் இருக்கிறது. அடுத்த ஸ்டேஷன் திருமுல்லைவாயில் ஆவடியில். தெற்கே மீனம்பாக்கத்தில் சென்னை முடிகிறது, பல்லாவரத்தில் தாம்பரம் ஆரம்பிக்கிறது, அங்கே ராணுவக் கண்டோன்மெண்ட் ஒன்றும் தனி நிர்வாகமாக. 1688-இல் பிறந்த மாநகராட்சி ஒன்று, 2019-இல் பிறந்தது ஒன்று, 2021-இல் பிறந்தது ஒன்று. ரயிலில் வருகிற எங்களுக்கு இது எதுவும் தெரிவதில்லை, டிக்கெட் ஒன்றுதான். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபோது, தென் மாவட்டப் பஸ்களை நம்பிக் கோயம்பேட்டில் பிழைத்தவர்களும் அந்தப் பஸ்களின் பின்னால் போகவேண்டி வந்தது. கோயம்பேட்டில் ஆள் குறைந்தால் அது சென்னையின் சாதனையா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 அன்று ஓர் இரவில் வீடற்றோரை எண்ணினார்கள். நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர் என்று வந்தது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாக அறிவித்திருக்கிறார்கள். அது மத்திய அரசின் வேலை, அதன் கேள்விகளும் வேறு. உங்களுக்குத் தெரியவேண்டியது ஆள் எங்கே படுக்கிறார், எங்கே வேலை செய்கிறார், எங்கே மாத்திரை வாங்குகிறார் என்பது. தங்குமிடத்துக்கு அளவுகோலாக வைக்கப்பட்டது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறை: ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது நூறு பேர் தங்கும் நிரந்தர இடம். தொடங்குவதற்கு நல்ல அளவுதான். ஆனால் ரயில் நிலையமும் சந்தையும் மருத்துவமனையும் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் வீடற்றவர் சேர்கிறார். மக்கள்தொகையை வகுத்துப் பார்த்து அவரைக் கண்டுபிடிக்க முடியாது.

என் அனுபவம் ஒன்று. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. பெரியவருக்கு இருமல் முற்றிய ஒரு மழைநாளில், தங்குமிடம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தேன். படுக்கும் இடம் எங்கள் எல்லையில் இல்லையே என்றார்கள். அடுத்த அலுவலகத்தில், வேலை செய்யும் இடம் எங்கள் எல்லையில் இல்லையே என்றார்கள். இருவருமே மரியாதையாகப் பேசினார்கள். இருவர் சொன்னதும் உண்மை. அதனால் எனக்குக் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

நான் புதிதாக ஓர் ஆணையம் கேட்கவில்லை. நம்மிடம் ஆணையங்களும் வாரியங்களும் குழுமங்களும் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் நகரமும், நம் மாவட்டம் போன்ற கவுண்டியும் 1993-இல் வீடற்றவர்களுக்காகக் கூட்டாக ஓர் அமைப்பை உருவாக்கின. 2025-இல் கவுண்டி தன் நிதியை அதிலிருந்து விலக்கிக்கொள்ள முடிவெடுத்துவிட்டது. அதைவிட லண்டன் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே 33 உள்ளாட்சிகள். தெருவில் படுத்திருப்பவரைக் களப்பணியாளர் எந்த உள்ளாட்சியில் பார்த்தாலும் பதிவு ஒரே ஏட்டில் ஏறுகிறது. நேற்று ஓரிடத்தில் பார்த்தவரை இன்று வேறிடத்தில் பார்த்தால் புது ஆள் என்று எழுதிக்கொள்வதில்லை.

நீங்கள் மூவரும் ஒரே படிவத்தை வைத்துக்கொண்டால் போதும், மற்றது தானாக வரும். ஒரே தேதியில் இரவு ஒரு முறை, அதே வாரத்தில் பகலில் ஒரு முறை எண்ணுங்கள். பெரும்பாக்கம் ஊராட்சியையும் கண்டோன்மெண்டையும் கூப்பிடுங்கள். நடைமேடை ரயில்வேயுடையது, மேம்பாலத்தடி நெடுஞ்சாலைத் துறையுடையது, கோயில் மண்டபம் அறநிலையத் துறையுடையது என்பதால் அவர்களையும் விட்டுவிடாதீர்கள். முதல் கேள்வியாக ஆதார் எண்ணைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம்: எண்ணுவதற்கு முந்தைய வாரம் எந்த இடத்தையும் "சுத்தம்" செய்யக் கூடாது. 1945-ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இன்னும் இருக்கிறது. வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது. அட்டையும் பேனாவுமாக நான்கு பேர் வந்தால், பாதிப் பேர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்துவிடுவார்கள். அவர்களுக்குள்ளேயே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்; அந்த இரவுக்கும் பகலுக்கும் கூலி கொடுங்கள். எழுதிய பெயர்கள் காவல் நிலையத்துக்குப் போகாது என்பதை எழுத்தில் கொடுங்கள்.

பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். எழுதிக்கொள்ளட்டும், ஆனால் எழுப்பாமல் எழுதச் சொல் என்றார். ஆகவே தாம்பரத்துக்கு ஆள் அனுப்பும்போது மதியம் இரண்டு மணிக்குமேல் அனுப்புங்கள். எழுந்து, பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டு, அரை மணி நேரம் படியிலேயே உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
கடற்கரை – தாம்பரம் மார்க்கத்தில் தினமும் வந்துபோகும் ஒரு பயணி