சேனை வைக்கும் பெரியம்மாவுக்கு

அன்புள்ள பெரியம்மா,

அடுத்த மாதம் தங்கச்சிக்குப் பிரசவம். நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும், பிறந்ததும் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைத்தது நீங்கள்தான், எனக்கும் சேர்த்து. அதனால்தான் இந்தக் கடிதம். தர்மபுரிப் பக்கம் உங்களைப் போல இன்னும் எத்தனையோ பெரியம்மாக்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும்தான்.

என் மகள் பிறந்த அன்று வாயில் நுரை நுரையாக வந்ததே, நினைவிருக்கிறதா? துடைக்கத் துடைக்க வந்தது. சளிதான் என்று சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தீர்கள். புரையேறி உதடு நீலமாகிவிட்டது. ஓடி வந்த நர்ஸ் வாய்வழியாக ஒரு ட்யூபை விட்டுப் பார்த்தார். 10 செ.மீ. போனதும் நின்றுவிட்டது.

உணவுக்குழாய் பாதியில் மூடியிருந்தது. கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு ஒட்டியிருந்தது. விழுங்க வழியில்லாத எச்சில்தான் அந்த நுரை. நாம் விடும் சொட்டும் நிரம்பி வழிந்து நுரையீரலுக்குத்தான் போகும். பால் புரையேறிச் செத்துப்போச்சு என்று ஊரில் சொல்வார்களே, அதில் எத்தனை பிள்ளைகளுக்கு இது இருந்ததோ.

அன்றைக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. இப்போது இல்லை, தெரியாமல் செய்ததுதானே. ஆனால் கிரகணத்தில் நான் வாசலுக்கு வந்ததுதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் பேசினது இன்னும் வலிக்கிறது. ஒரே குழாயாக இருப்பது உணவுக்குழாய், மூச்சுக்குழாய் என்று இரண்டாகப் பிரிவது கரு உண்டான நாலைந்து வாரத்திலேயே. கிரகணம் வந்ததோ எனக்கு ஏழாம் மாதத்தில்.

108-ல் தொப்பூர் கணவாய் இறங்கும்போது, தலைப்பக்கம் உயர்த்தி, எச்சிலை விடாமல் உறிஞ்சி எடுத்துக்கொண்டே போனார்களாம். ட்ரிப்ஸ் மட்டும்தான், வாய்க்கு எதுவும் கிடையாது. மறுநாள் சேலத்தில் வலப்பக்க விலாவழியாக இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். இப்படிச் சேர்த்துத் தைத்து முதன்முதலில் ஒரு குழந்தையைப் பிழைக்க வைத்தது 1941-இல், அமெரிக்காவில், கேமரான் ஹைட் என்ற டாக்டர். என் பாட்டி காலத்தில் பிறந்திருந்தால் என் மகள் இல்லை, பெரியம்மா.

இப்போது நாலு வயது. தைத்த இடம் சுருங்கி இரண்டு முறை விரித்துவிட்டார்கள். இருமினால் குரைப்பது போலக் கேட்கும். நாமெல்லாம் களியை மெல்லாமல் விழுங்குவோம். அவள் மட்டும் மென்று மென்று, நடுவில் தண்ணீர் குடித்துச் சாப்பிடுகிறாள்.

ஸ்கேனில் பனிக்குட நீர் அதிகம் என்று வந்தால், இதையும் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். குழந்தை விழுங்காவிட்டாலும் நீர் கூடும். பிறந்ததும் சேனை வேண்டாம், தாய்ப்பால் மட்டும். நுரை வந்தாலோ புரையேறினாலோ அந்தப் பாலும் வேண்டாம். முதலில் ட்யூப் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் வீட்டில் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் முதல் வாய் சோறு உங்கள் கையால்தான். தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள் மகள்