இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊருக்கு ஊர் எழுவர் கால்பந்துப் போட்டிகள் நடைபெறுகின்றன. இளைஞர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுத் திடலைச் சீர்செய்து இவற்றை நடத்துவதைக் கண்டு, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரான நான் பெரிதும் மகிழ்கிறேன். ஆனால், வெயில் தாழ்ந்தபின் தொடங்கி இருட்டும்வரை நீளும் இந்த ஆட்டங்கள், வானம் கறுத்து இடி இடிக்கும்போதும் நிற்காமல் தொடர்வதைப் பல திடல்களில் பார்த்துவிட்ட கவலையே இக்கடிதத்தை எழுதவைக்கிறது.

சித்திரை, வைகாசியிலும், பிறகு ஆவணி முதல் ஐப்பசி வரையிலும், பகலெல்லாம் காய்ந்த தரையிலிருந்து எழும் வெப்பக்காற்றும் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் சேர்ந்து நம் உள்மாவட்டங்களில் இடிமேகம் திரள்வது பெரும்பாலும் பிற்பகலிலும் முன்னிரவிலும்தான். திடலில் ஆட்டம் சூடுபிடிப்பதும், பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அரசு வழங்கிய சைக்கிளில் வயல்வெளிச் சாலைகளில் வீடு திரும்புவதும் அதே நேரத்தில்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், மின்னல் தாக்கி இறந்தோர் நம் நாட்டில் ஆண்டுக்கு 2,800க்கும் மேல். புயலுக்கு நாம் காட்டும் முன்னெச்சரிக்கையில் ஒரு பங்கைக்கூட மின்னலுக்குக் காட்டுவதில்லை.

மழை பெய்யத் தொடங்கினால் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். மழை எட்டாத இடத்திலும் மின்னல் விழும். மேகத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் அது தரையிறங்கக்கூடும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும் என்பதால், மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள். விநாடியை எண்ணிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. இடி காதில் விழுந்தாலே எல்லோரும் கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடம் கழிந்த பிறகே திடலுக்குத் திரும்ப வேண்டும். முதல் இடிக்கே "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிப் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொண்ட நம் பாட்டிமார்களிடம் இந்த எச்சரிக்கை இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, சிறுவர்களின் கால்பந்து ஆட்டமொன்றில், எங்கோ தொலைவில் இடி முழங்கியதும் நடுவர் விசில் ஊதியதையும், ஒருவரும் மறுபேச்சுப் பேசாமல் தங்கள் கார்களுக்குள் சென்று அமர்ந்ததையும் கண்டேன். பெரிய போட்டிகளுக்கும் அங்கே இதே ஒழுங்குதான். 2025 ஜூன் 28 அன்று சார்லட் நகரில் செல்சியும் பென்ஃபிகாவும் மோதிய கிளப் உலகக் கோப்பை ஆட்டம், முடிய ஒரு சில நிமிடங்களே இருந்த நிலையில் நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே தொடர்ந்தது. செல்சி பயிற்சியாளர் இதனால் மனம் நொந்து பேசினார். ஆட்டத்தின் ஓட்டம் கெடுகிறது என்ற அவரது வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் 2024 நவம்பரில் பெரு நாட்டின் சில்கா என்ற ஊரில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கு நடுவர் ஆட்டத்தை நிறுத்தியும்விட்டார். வீரர்கள் வெளியேறிக்கொண்டிருந்தபோதே மின்னல் இறங்கி ஒருவர் உயிரிழந்தார், வேறு சிலர் காயமுற்றனர். நிறுத்துவது என்றால் முதல் இடிக்கே நிறுத்த வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

மின்விளக்கு இல்லாத திடலில் அரை மணி நேரம் போனால் ஆட்டத்தை முடிக்க முடியாதே, விருந்தினர் காத்திருப்பாரே என்று போட்டிக் குழுவினர் தயங்குவது இயல்பு. மீதி நிமிடங்களை மறுநாள் காலையில் ஆடுவது என்று இரு அணிகளும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் இச்சிக்கல் தீரும். வானிலை காரணமாக ஆட்டத்தை நிறுத்தும் உரிமையைக் கால்பந்தின் ஐந்தாம் விதி நடுவருக்குத் தந்திருக்கிறது. ஊர்ப்பெரியவர்கள் அவருக்குத் துணை நிற்க வேண்டும்.

சைக்கிளில் செல்வோரின் நிலை இன்னும் கடினமானது. டயர் ரப்பரால் ஆனது, ஆகவே மின்னல் தாக்காது என்ற நம்பிக்கை தவறானது. அதைவிட ஆபத்தானது புளியமரத்தடியில் ஒதுங்குவது. மரத்தில் இறங்கும் மின்னல் அருகில் நிற்பவர் மீது தாவும், வேரடி மண் வழியாகவும் பரவும். முன்பு மாணவர்களுடன் கோடியக்கரைக்குச் சைக்கிள் பயணம் சென்றபோது, அறந்தாங்கியைத் தாண்டியதும் இடிமழையில் சிக்கி மரத்தடியில் நின்ற எங்களை, முன்பின் அறியாத ஒரு குடும்பத்தினர் அதட்டி அழைத்துத் தங்கள் வீட்டுக்குள் உட்காரவைத்தார்கள். சாலையோரத்தில் வசிப்போரும் கடைக்காரர்களும் இன்றும் அப்படிச் செய்ய வேண்டும். இந்திய வானிலை ஆய்வு மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. புணேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலியும் அருகில் மின்னல் இருந்தால் அறிவிக்கிறது. தலைமையாசிரியர்கள் பள்ளி விடும் முன் இவற்றைப் பார்த்து, தேவையானால் பிள்ளைகளைச் சிறிது நேரம் வகுப்பறையிலேயே இருத்திக்கொள்ளலாம்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் மின்சாரம் பாயும் என்று அஞ்சி விலகி நிற்பதும் நடக்கிறது. அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சும் நாடியும் நின்றிருந்தால், 108க்குத் தகவல் சொல்லிவிட்டு உடனே நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். அதனால் உயிர் பிழைக்க வாய்ப்புண்டு. அணிக்கு ஒருவராவது இதைக் கற்றிருப்பது நல்லது.

அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அச்சடிக்கும் குழுவினர், நுழைவுக் கட்டணம், பரிசுத்தொகை விவரங்களுக்குக் கீழே, இடி கேட்டால் ஆட்டம் நிறுத்தப்படும் என்ற விதியையும் சேர்த்து அச்சிடுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.