மண்புழுப் பெட்டியும் சித்திரை வெயிலும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்தின் கல்லுண்டாய் வெளியில் குவியும் குப்பை பற்றி அண்மையில் தங்கள் பத்திரிகையில் வந்த ஆசிரியர் தலையங்கம், வீட்டுக் கழிவை வீட்டிலேயே பசளையாக்க வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லி முடிந்திருந்தது. அந்த வரியை நம்பி இறங்குபவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பதை, நான்கு வருடங்களாகக் குசினிக் கழிவை மண்புழுக்களுக்குக் கொடுத்து வருபவள் என்ற முறையில் எழுத விரும்புகிறேன்.

கொக்குவிலில் எங்கள் வளவு இரண்டு பரப்பு. முன்பெல்லாம் காய்கறித் தோல், வாழைப்பூ மடல், தேயிலைச் சக்கை யாவற்றையும் கோடிப்பக்கம் வெட்டிய கிடங்கில் போட்டு மூடிவிடுவோம். மாரியில் அந்தக் கிடங்கு நிரம்பி நாறும்போது, அதில் ஊறிய நீர் எங்கே போகிறது என்று நான் யோசித்ததில்லை. நமது நிலமோ சுண்ணாம்புக்கல். நிலாவரைக் கிணற்றின் ஆழத்தை வியந்து பேசும் நாம், அதே கல்லின் வெடிப்புகளும் துவாரங்களும் நமது வளவுக்கடியிலும் இருக்கின்றன என்பதையும், மேலே ஊறுவது சரிவர வடிபடாமலே கிணற்றைச் சேரக்கூடும் என்பதையும் மறந்துவிடுகிறோம். பசளையிலிருந்தும் அழுகும் கழிவிலிருந்தும் நீரில் கரையும் நைத்திரேற்று, தோட்டப் பகுதிக் கிணறுகளில் மிகுந்திருப்பதை ஆய்வுகள் பல தடவை காட்டியுள்ளன. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அந்தச் சுமையோடு வீட்டுக் கிடங்கும் சேர வேண்டியதில்லை என்பதற்காகவே நான் புழுக்களிடம் போனேன்.

முதற்பெட்டி சித்திரையில் அழிந்தது. கறுப்பு பிளாஸ்ரிக் வாளியொன்றில் துளையிட்டு, மழை படாதிருக்கத் தகரக் கூரையின் கீழ் வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் மூடியைத் திறந்தபோது, புழுக்கள் வாளியின் சுவரேறி மூடியின் அடியில் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. மறுநாள் அவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெட்டிகளில் பெரும்பாலும் வளர்க்கப்படும் செம்புழுவுக்கு 15 முதல் 25 பாகை செல்சியஸ் வரையான வெப்பமே உகந்தது. 35 பாகையைத் தாண்டினால் அது பிழைப்பது அரிது. நான் படித்துப் பின்பற்றிய குறிப்புகள் குளிர்நாட்டு வீடுகளுக்கு எழுதப்பட்டவை. பனிக்காலத்தில் பெட்டியை வீட்டுக்குள் எடுத்து வைக்கச் சொன்ன அவை, வெயிலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இப்போது கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, மாமரத்தடியில், அடியில் துளையிட்ட அகன்ற மண்தொட்டியில் வளர்க்கிறேன். மேலே ஈரச் சாக்கு. மண்ணில் ஈரம் ஆவியாகும்போது தொட்டி தானாகவே குளிர்கிறது. தொட்டியைத் தாங்கும் கற்களை நீர் நிரப்பிய தட்டுகளில் வைத்தால் எறும்பு ஏறாது. ஆனால் அந்த நீரை இரண்டு நாளுக்கொரு தடவை ஊற்றி மாற்றாவிட்டால் நுளம்பு பெருகும், டெங்குக் காலத்தில் அது பெரும் தவறு. உள்ளே ஊறவைத்த தேங்காய்த் தும்பும், கிழித்த பத்திரிகைத் தாளும், ஒரு பிடி செம்மண்ணும் போதும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளி மாத்திரம் சொட்ட வேண்டும்.

அடுத்த இடறல் நமது சமையலில் இருக்கிறது. மண்புழு ஈரத் தோலால் சுவாசிப்பது. உப்பும் மிளகாய்த்தூளும் பட்ட மிச்சத்தை அது தாங்காது. ஆகையால், தேயிலைச் சக்கை தவிர, அடுப்பில் ஏறாதது மட்டுமே தொட்டிக்குப் போகும் என்பது எங்கள் வீட்டு விதி. மீன் கழிவும் தேசிக்காய்த் தோலும் சேர்ப்பதில்லை. பால் பிழிந்த தேங்காய்ப்பூ நமது குசினிகளில் நாள்தோறும் மிஞ்சுவது; அதை மொத்தமாகக் கொட்டினால் எண்ணெய்ப்பற்றினால் சூடேறிப் புளிக்கும், எறும்பும் வரும். ஒரு கைப்பிடியைத் தும்போடு கலந்து தூவுகிறேன்.

புழுவை விலைக்கு வாங்கத் தேவையில்லை. மாட்டுக்கொட்டிலின் பழைய எருக்கும்பியைக் கிளறினால், மேலடுக்கிலேயே மெல்லிய செந்நிறப் புழுக்கள் கிடைக்கும். தோட்டம் கொத்தும்போது ஆழத்திலிருந்து வருபவை இதற்கு உதவா. மூன்று மாதமளவில் தேயிலைத்தூள் போலக் கறுத்து, மழை மண்ணின் மணத்தோடு பசளை கிடைக்கும். என் கறிமிளகாய்ச் செடிகளுக்கும் கறிவேப்பிலைக்கும் அதுவே போதுமாயிருக்கிறது.

வெங்காயச் செய்கைக்கு இது போதுமென்று நான் சொல்லவரவில்லை. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது நமது விவசாயிகள் பட்ட துன்பத்தால், சேதனப் பசளை என்ற சொல்லே பலருக்குக் கசந்துபோயிற்று. அந்தக் கசப்பு நியாயமானது. ஆனால் குசினிக் கழிவு நாளும் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அது பொலித்தீன் பையில் கட்டப்பட்டு வீதியோரத்தில் அழுகக் காத்திருப்பதை எந்தக் கொள்கையும் நியாயப்படுத்தாது.

எனவே, கமநல சேவை நிலையங்களும் உள்ளூராட்சி மன்றங்களும், கேட்டு வரும் குடும்பங்களுக்கு ஒரு சிரட்டை புழுவும், நமது வெயிலையும் நமது சமையலையும் கணக்கில் எடுத்துத் தமிழில் எழுதிய ஒரு தாள் குறிப்பும் கொடுக்க வேண்டுமெனத் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். மார்கழி, தைக் குளிரில் தொடங்கினால், சித்திரை வருமுன் புழுக்கள் பெருகிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கொக்குவில்.