ஆண்டறிக்கை 2024–25: பூட்டிய கேட்டும் பதினொரு கையெழுத்தும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர்களே, வட்டாரக் கிளை உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஆசிரியர் சங்கச் செயற்குழு மாதந்தோறும் கூடியது. நவம்பர் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. 1.4.2003-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களுக்கும் பழைய ஓய்வூதியம் வேண்டும் என்ற கோரிக்கையை இந்த ஆண்டும் விடவில்லை. 2022 டிசம்பரிலிருந்து பாம்பனைக் கடக்காமல் இருந்த ரயில், 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறந்ததும் மறுபடி ராமேஸ்வரம் போகிறது. தீவுப் பள்ளிகளுக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன நம்மவர்களுக்கு அது பெரிய நிம்மதி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி, இந்த ஆண்டு நம்மைத் தூங்கவிடாத விஷயம். நம் உறுப்பினர்கள் வேலை பார்க்கும் கடலோர உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நடந்தது. பள்ளியின் பெயரும் யாருடைய பெயரும் அறிக்கையில் வேண்டாம் என்பது செயற்குழு முடிவு.

விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்பும் பகுதி அது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதில் பெரும்பகுதி கோடை விடுமுறையிலேயே கழிந்துவிடுகிறது. பள்ளி திறக்கவும் படகு இறங்கவும் சரியாக இருக்கும். அப்புறம் செவ்வாய், வியாழன் காலையில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பையன்கள் பாதிப் பேர் கரையில்தான் நிற்பார்கள். வலையிலிருந்து மீன் கழிப்பார்கள், ஐஸ் சுமப்பார்கள். அம்மா மீன் கூடையோடு சந்தைக்குக் கிளம்பிவிட்டால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது பெண்பிள்ளைகள்.

ஜூலையில் தலைமை ஆசிரியர் ஒரு சுற்றறிக்கை விட்டார்: 9.20-க்குக் கேட்டைப் பூட்ட வேண்டும், தாமதமாக வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். செவ்வாய், வியாழன் முதல் பாடவேளையிலேயே தேர்வு என்றும் அதில் இருந்தது. தேர்ச்சி விழுக்காட்டுக்காக மேலிடத்து ஆய்வுக் கூட்டத்தில் அவர் எப்படி நிற்க வேண்டியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். காலையில் முதலில் வருகிறவரும் மாலையில் கடைசியாகப் போகிறவரும் அவர்தான். அவர் மனிதர் மோசமில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்தச் சுற்றறிக்கை தவறு.

ஒரு வியாழக்கிழமை நானே அந்தக் கேட்டருகே நின்றேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சைக்கிளில் வந்தான். சீருடைச் சட்டை மஞ்சள் பையில் இருந்தது. சுவரோரம் நின்று மாற்றிக்கொண்டான். முழங்கை வரை மீன் செதில் காய்ந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே பூட்டைப் பார்த்தான். யாரையும் கூப்பிடவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்ட் ஆசிரியர் கூட்டத்தில் கணக்கு டீச்சர் இதைப் பேசினார். வெளியே அனுப்பிய பிள்ளைகளில் நான்கு பேர் அதன்பிறகு வரவே இல்லை என்று வருகைப் பதிவேட்டைத் திறந்தே காட்டினார். “இது விவாத மேடை இல்லை, கையெழுத்துப் போடுங்கள்” என்று பதில் வந்தது. கூட்டப் பதிவேட்டில் தீர்மானங்கள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. டீச்சர் சொன்னதில் ஒரு வரிகூட இல்லை. அதனால் பதினொரு ஆசிரியர்கள் கையெழுத்திட்டு, தலைமை ஆசிரியருக்கே ஒரு கடிதம் கொடுத்தார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதை அதில் பணிவாகவே நினைவூட்டியிருந்தார்கள்.

இந்த இடத்தில் நம் பக்கத் தவறையும் சொல்லியாக வேண்டும். நம்மில் ஒருவர் அந்தக் கடிதத்தைப் படமெடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மறுநாள் ஊரார் திரண்டு வந்து மாணவர்கள் முன்னிலையிலேயே தலைமை ஆசிரியரைச் சத்தம் போட்டார்கள். அவர் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும்! அதற்காகச் சங்கத்தின் சார்பில் நேரில் போய் வருத்தம் தெரிவித்தேன்.

ஆனால் அதற்குள் பதினொரு பேருக்கும் மெமோ போயிருந்தது. படம் போட்டவரை மட்டும் கேட்டிருந்தால் நாம் பேசியிருக்க மாட்டோம். நிர்வாகத்தைக் குறை கூறியதற்கு எல்லோரும் விளக்கம் தர வேண்டும் என்றது மெமோ. இளம் ஆசிரியர்கள் பயந்துபோனார்கள். இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்து அழுதவர்கள் உண்டு. விளக்கம் கேட்கும் மெமோ வேறு, அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(ஏ), 17(பி)-யில் வரும் குற்றச்சாட்டு வேறு என்று ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து சொன்னோம். விளக்கத்தில் மன்னிப்பு வேண்டாம், நடந்ததைத் தேதியோடு எழுதுங்கள் என்றோம். அப்படியே எழுதிக் கொடுத்தார்கள்.

முட்டுக்கட்டையை உடைத்தது பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசி பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம்; அது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். மீன் விற்கும் அம்மா ஒருவர் எழுந்து, “கேட்டுக்கு வெளிய நிக்கிற பிள்ளைய யாரு சார் பாத்துக்குறது?” என்று கேட்டார். தலைமை ஆசிரியர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரே கேட்டைத் திறந்து வைக்கச் சொன்னார். இப்போது தாமதமாக வருகிறவர்கள் ஒரு நோட்டில் பெயர் எழுதிவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள். தேர்வு பிற்பகலுக்கு மாறிவிட்டது. வராமல் போன நால்வரில் மூவர் திரும்பி வந்துவிட்டார்கள். நான்காவது பையன் படகுக்கே போய்விட்டான். அவன் வீட்டுக்கு டீச்சரும் நானும் இரண்டு முறை போய் வந்தோம். மறுபடியும் போவோம்.

ஒன்பது மெமோக்கள் முடித்து வைக்கப்பட்டன. கணக்கு டீச்சர் மீதும் கடிதத்தை எழுதிய தமிழாசிரியர் மீதும் மேலிடத்துக்குப் போன அறிக்கை இன்னும் திரும்பப் பெறப்படவில்லை. படம் போட்டவர்கள் இவர்கள் இருவரும் இல்லை. ஆகவே இரண்டு கோரிக்கைகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். அந்த அறிக்கையைத் திரும்பப் பெறக் கேட்பது ஒன்று. ஆசிரியர் கூட்டத்தில் பேசுவதை, மாற்றுக் கருத்து உட்பட, அங்கேயே எழுதி, வாசித்துக் காட்டி, அதன்பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது மற்றொன்று. மனு வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போகுமுன் கையெழுத்திட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்